வடசென்னையில் புதிய கடல்நீர்ப் பவளத் தொட்டி: சைக்ளிங் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் கண்ணாடித் தொட்டியும் உப்பும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் வழியிலேயே என்னைத் தொலைபேசியில் அழைப்பவர்கள் உண்டு. பெரம்பூரில் எங்கள் வீட்டு முன்னறையில் 150 லிட்டர் கடல்நீர்த் தொட்டி ஒன்றைச் சில ஆண்டுகளாக வைத்திருப்பதால், அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். கணக்குகள் 100 லிட்டர் நீருக்கானவை. உங்கள் தொட்டியின் அளவுக்கேற்பப் பெருக்கிக்கொள்ளலாம்.

சைக்ளிங் என்றால் தண்ணீரைச் சுழல விடுவதா?

இல்லை. பம்பு போட்டு நீரைச் சுழல விடுவது வேறு வேலை. இங்கே சுழல்வது நைட்ரஜன். மீன் தன் செவுள் வழியாக வெளியேற்றும் அம்மோனியா, மிஞ்சிய தீனி அழுகும்போது வரும் அம்மோனியா ஆகியவற்றை ஒரு வகை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அந்த நைட்ரைட்டை வேறொரு வகை நைட்ரேட்டாக மாற்றுகிறது. அம்மோனியா சிறிதளவிலேயே மீனைக் கொல்லும். நைட்ரேட்டோ ஓரளவு வரை தீங்கு செய்யாது, நீரை மாற்றினால் குறைந்துவிடும். இந்த இரு வகை நுண்ணுயிர்களும் கல், மணல், ஃபில்டர் ஆகியவற்றின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு போதிய அளவுக்குப் பெருகும் வரை காத்திருப்பதையே சைக்ளிங் என்கிறோம். அவை பெரும்பாலும் நீரில் மிதப்பதில்லை என்பதால், பழைய தொட்டியிலிருந்து ஒரு குடம் நீரை எடுத்து ஊற்றுவதில் பெரிய பயன் இல்லை. நோயற்ற பழைய தொட்டியின் கல் ஒன்று கிடைத்தால் அதுவே பெரிய உதவி.

நான்கு நாட்களில் நீர் கண்ணாடி போல் தெளிந்துவிட்டது. மீன் விடலாமா?

கூடாது. தெளிவுக்கும் அம்மோனியாவுக்கும் தொடர்பே இல்லை. என் முதல் தொட்டியில் நான் செய்த தவறும் இதுதான். ஐந்தாம் நாள் கடைக்காரர் ஒருவர் கைப்பேசியில் படத்தைப் பார்த்துவிட்டு, "தண்ணி சூப்பரா இருக்கு சார், ரெண்டு டாம்செல் விடுங்க, அதுங்களே சைக்கிள் பண்ணிடும்" என்றார். மறுநாள் மாலை இரண்டும் நீர்மட்டத்தில் வாயைப் பிளந்து மூச்சு வாங்கின. ஒன்று அன்றிரவே போய்விட்டது. பிழைத்த இன்னொன்று, அடுத்த ஓராண்டுக்கு வேறு எந்த மீனையும் தொட்டிக்குள் நிம்மதியாக இருக்க விடவில்லை. உயிரை வைத்துச் சோதிக்கத் தேவையில்லாத வேலைக்கு மீனைப் பலி கொடுப்பதை நான் இப்போது ஏற்பதில்லை. தொட்டி தயாரா என்பதைத் தெளிவும் சொல்லாது, நாட்காட்டியும் சொல்லாது. அளந்து கொடுத்த அம்மோனியாவை அது ஒரு நாளில் தின்று முடிக்கிறதா என்பதே கேள்வி.

எந்தத் தண்ணீரைப் பயன்படுத்துவது? எங்கள் வீட்டில் மெட்ரோ வாட்டரும் போர் தண்ணீரும் வருகின்றன.

இரண்டையும் நேரடியாகப் பயன்படுத்த முடியாது. மெட்ரோ வாட்டரில் உள்ள குளோரின் நாம் வளர்க்க நினைக்கும் நுண்ணுயிர்களையே கொல்லும். போர் தண்ணீரில் டி.டி.எஸ்., அதாவது கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, ஆயிரத்தைத் தாண்டுவது நம் பக்கத்தில் அபூர்வமில்லை. அதில் நைட்ரேட், சிலிகேட், உலோகங்கள் என்று எது எவ்வளவு இருக்கிறது என்பது தெருவுக்குத் தெரு மாறும். வேண்டியது ஆர்.ஓ. சவ்வைத் தாண்டி மிஞ்சிய அயனிகளையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. பிசின் வழியாகவும் வந்த, டி.டி.எஸ். மீட்டரில் 0 காட்டும் நீர்.

வீட்டில் குடிப்பதற்கு ஆர்.ஓ. இயந்திரம் இருக்கிறதே என்பார்கள். அந்த இயந்திரங்கள் சுவைக்காகச் சிறிது தாது உப்பை மீண்டும் கலந்து தருகின்றன. இப்போது வரும் சிலவற்றில் தாமிரம் சேர்க்கும் உருளையும் இருக்கிறது. நமக்கு நல்லது என்று விற்கப்படும் அந்தத் தாமிரம், மிகச் சிறிய அளவிலேயே பவளங்களுக்கும் நத்தை, இறால் போன்ற முதுகெலும்பில்லா உயிர்களுக்கும் நஞ்சு. ஆகவே அந்த உருளைகளுக்கு முன்பாகவே குழாயைப் பிரித்தெடுத்து, அதில் தனியே ஒரு டி.ஐ. உருளையைப் பொருத்திக்கொள்ளலாம். கேன் தண்ணீரும் இதே காரணத்தால் அப்படியே ஆகாது. ஒவ்வொரு கேனிலும் ஒவ்வோர் அளவு காட்டும்.

ஒரு வேடிக்கை: மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் 2010-இல் திறக்கப்பட்ட, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறன் கொண்ட ஆலை, வங்கக் கடலின் உப்பை நீக்கி வடசென்னைக்குக் குடிநீர் தருவதற்காகவே கட்டப்பட்டது. அந்த நீரை வாங்கி, காசு கொடுத்து உப்பு வாங்கி, மறுபடியும் கடல்நீராக்குகிறோம்.

கடலே பக்கத்தில் இருக்கும்போது காசிமேட்டில் ஒரு டிரம் பிடித்து வந்தால் என்ன?

கேட்பதில் நியாயம் இருக்கிறது. கரையோரத்தில் வாழும் பலருக்கு உப்புக்காக ஆயிரக்கணக்கில் செலவழிப்பது பைத்தியக்காரத்தனமாகவே தோன்றும். ஆனால் மீன்பிடித் துறைமுகத்தின் நீரில் விசைப்படகுகளின் டீசலும் மீன்கழிவும் கலந்திருக்கின்றன. வடக்கே போனால் ஆலைக் கழிவும் அனல்மின் நிலையங்களின் சாம்பலும் சேர்ந்த எண்ணூர்க் கழிமுகம். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியதையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் ஆற்றில் எண்ணெய் பரவியதையும் நம் பகுதி மீனவர்கள் வாளி வாளியாக அள்ளியே கண்டார்கள். இது போதாதென்று, வடகிழக்குப் பருவமழையில் ஆற்று வெள்ளம் வந்து கரையோர நீரின் உப்பளவு வெகுவாக இறங்கிவிடும். புதியவருக்கு நான் பரிந்துரைப்பது பாக்கெட்டில் வரும் பவளத் தொட்டி உப்பு மட்டுமே.

கல்லுப்பு போதாதா?

போதாது. உப்பளப் பாத்தியில் கடல்நீர் சுண்டும்போது கால்சியம் முதலிலேயே ஜிப்சமாகப் படிந்துவிடுகிறது, பிறகு சோடியம் குளோரைடு படிகமாகிறது, மக்னீசியத்தின் பெரும்பகுதி கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரோடு போய்விடுகிறது. அதாவது நம் சமையலறைக்கு வரும் கல்லுப்பு, கடலிலிருந்து பவளத்துக்கு வேண்டியவற்றைக் கழித்துவிட்டு எஞ்சியது. பவளத் தொட்டி உப்பைக் கலந்தால் லிட்டருக்குக் கால்சியம் 400 முதல் 450 மில்லிகிராமும், மக்னீசியம் சுமார் 1,300 மில்லிகிராமும், காரத்தன்மை 7 முதல் 9 டி.கே.எச். வரையும் கிடைக்க வேண்டும்.

கலக்கும்போது நீரில் உப்பைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். உப்பின் மேல் நீரை ஊற்றினால் கால்சியம் வெள்ளையாகத் திரிந்து அடியில் படிந்துவிடும். 100 லிட்டருக்கு ஏறத்தாழ மூன்றரைக் கிலோவிலிருந்து மூன்றே முக்கால் கிலோ வரை பிடிக்கும். பவர்ஹெட் எனும் சிறு நீரோட்டப் பம்பை ஓடவிட்டு ஒரு நாள் கழித்து அளந்தால் 25 டிகிரியில் அடர்த்தி எண் 1.025 அல்லது 1.026, அதாவது ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு இருக்க வேண்டும். உப்பளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் நீரில் மட்டும் சரிபார்ப்பதைவிட, 35 என்று குறித்த அளவுத் திரவத்தில் சரிபார்ப்பது நல்லது.

லைவ் ராக், அதாவது கடல் நுண்ணுயிர்கள் ஒட்டியிருக்கும் கல், எங்கே கிடைக்கும்? ராமேஸ்வரத்துக் கல் கொண்டு வந்து தருவதாக ஒருவர் சொல்கிறார்.

வாங்காதீர்கள். கல்வகைப் பவளங்கள் அனைத்தும் 2001 முதல் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு உள்ள பாதுகாப்புதான் அவற்றுக்கும். கடற்குதிரையும் கடல் அட்டையும் அப்படியே. மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகள் பல பத்தாண்டுகள் சுண்ணாம்புக்காக வெட்டப்பட்டுச் சிதைந்தவை. அங்குள்ள 21 தீவுகளைக் கொண்ட கடல்சார் தேசியப் பூங்கா 1986-இல் அறிவிக்கப்பட்டதன் காரணங்களில் அதுவும் ஒன்று. செயற்கையாகச் செய்த நுண்துளைக் கல் அல்லது பீங்கான் கல் போதும். அதில் முதலில் உயிர் எதுவும் இராது என்பதால் சைக்ளிங் சற்று நீளும். ஆனால் வேண்டாத நண்டும் புழுவும் கூட வராது. உலர்ந்த இயற்கைக் கல்லாக இருந்தால் தொட்டியில் வைக்குமுன் சில வாரங்கள் நீரில் ஊறவிட்டுப் பாஸ்பேட் கசிகிறதா என்று பாருங்கள்.

அம்மோனியாவை எப்படிக் கொடுப்பது? ஒரு இறாலைப் போட்டால் போதும் என்கிறார்களே?

போதும்தான், ஆனால் அளக்க முடியாது. காசிமேட்டு இறால் ஒன்று அழுகி எவ்வளவு அம்மோனியாவை விடும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. கூடவே பாஸ்பேட்டும் வரும், வீடும் நாறும். தூய அம்மோனியம் குளோரைடே என் தேர்வு. இதற்கு நம் ஊர்ப் பெயர் நவச்சாரம்; பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிறவர் பழுக்கக் காய்ச்சிய பாத்திரத்தில் ஒரு சிட்டிகை தூவித் துணியால் தேய்ப்பாரே, வெள்ளைப் புகை எழும்புமே, அதேதான். ஆனால் நாட்டு மருந்துக் கடையில் கட்டியாகக் கிடைக்கும் நவச்சாரத்தின் தூய்மையை நம்ப முடியாது. பாரிமுனைப் பக்கத்து வேதிப்பொருள் கடைகளில் ஆய்வகத் தரம் என்று அச்சிட்ட புட்டியில் கேட்டு வாங்குங்கள்.

100 லிட்டருக்கு 0.6 கிராம் போட்டால் ஏறத்தாழ 2 பி.பி.எம்., அதாவது லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியா வரும். நகைக்கடைத் தராசு வீட்டில் இல்லாவிட்டால் 6 கிராமை ஒரு லிட்டர் தூய நீரில் கரைத்து வைத்துக்கொண்டு, அதில் 100 மில்லி எடுத்து ஊற்றலாம். கல்லும் மணலும் அடைத்துக்கொள்ளும் இடத்தைக் கழித்தே நீரின் அளவைக் கணக்கிடுங்கள். 2 பி.பி.எம்.முக்கு மேல் போட்டால் வேகம் கூடும் என்று நினைக்க வேண்டாம். 5-ஐத் தாண்டினால் நுண்ணுயிர்களே தடுமாறி, சைக்ளிங் வாரக்கணக்கில் நின்றுவிடக்கூடும்.

எத்தனை நாள் ஆகும்? புட்டியில் வரும் பாக்டீரியா உண்மையிலேயே வேலை செய்யுமா?

புட்டி இல்லாமல், வெறும் கல்லோடு தொடங்கினால் நான்கு முதல் ஆறு வாரம், சில நேரம் அதற்கும் மேல். தோசை மாவைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் ஓர் இரவில் வேலையை முடித்துவிடுகின்றன. இவையோ ஒரு முறை இரட்டிப்பாகவே ஏறத்தாழ ஒரு நாளோ அதற்கும் மேலோ எடுத்துக்கொள்கின்றன. நல்ல புட்டி கிடைத்தால் ஒன்றிலிருந்து மூன்று வாரங்களில் முடியலாம். அது பாலுக்கு உறைமோர் போன்றது; உறைமோர் கெட்டிருந்தால் பால் தோயாது. மே மாத வெயிலில் கூரியர் வண்டியில் மூன்று நாள் வெந்து வந்த புட்டியில் உயிர் மிச்சமிருக்குமா என்பது ஐயமே. ஆகவே கடையில் குளிர்ச்சியில் வைத்திருக்கிறார்களா, காலாவதித் தேதி என்ன என்று பார்த்து வாங்குங்கள். ஊற்றிய பின் ஓரிரு நாள் நுரையோடு கழிவை நீக்கும் ஸ்கிம்மரையும் நுண்ணுயிர்களைக் கொல்லும் யு.வி. விளக்கையும் நிறுத்தி வையுங்கள்.

டெஸ்ட் கிட்டில் எந்த எண்களை எதிர்பார்க்க வேண்டும்?

முதல் வாரத்தில் அம்மோனியா அசையாமல் நிற்கும், பொறுமை போகும். பிறகு ஒரு நாள் நைட்ரைட் குழாயில் வானநீலம் லேசாக ஊதாவுக்குத் திரும்பும்; முதல் கூட்டம் வேலைக்கு வந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். அம்மோனியா இறங்க இறங்க நைட்ரைட் ஏறி, கிட்டின் நிற அட்டையில் உள்ள கடைசி ஊதாவையும் தாண்டி நாவற்பழச் சாறு போல் நிற்கும். பலர் அஞ்சுவது இந்தக் கட்டத்தில்தான், இது இயல்பே. நைட்ரைட்டைத் தின்னும் இரண்டாம் கூட்டம் இன்னும் மெதுவாகப் பெருகும். அம்மோனியா 0.5-க்குக் கீழே வரும்போதெல்லாம் மறுபடி 2 பி.பி.எம். கொடுங்கள், ஆனால் நைட்ரைட் அட்டையைத் தாண்டி நிற்கும் நாட்களில் கையைக் கட்டிக்கொண்டிருப்பதே நல்லது.

நைட்ரைட் மிகுந்திருக்கும்போது நைட்ரேட் கிட் பொய்யாக உயர்ந்த அளவைக் காட்டும். அதனால் நைட்ரேட்டைக் கடைசியில் பார்த்தால் போதும். அம்மோனியா குழாயின் மஞ்சளுக்கும் இளம்பச்சைக்கும் உள்ள வேறுபாட்டை மஞ்சள் விளக்கின் கீழ் பார்த்தால் ஏமாறுவோம். வெள்ளைக் காகிதத்தை வைத்துக்கொண்டு பகல் வெளிச்சத்தில், மொட்டை மாடிப் படியிலாவது போய் நின்று பாருங்கள்.

நடுவில் பி.எச். இறங்கிவிட்டது. ஏன்?

இந்த நுண்ணுயிர்கள் வேலை செய்யும்போது நீரின் காரத்தன்மையைச் செலவழிக்கின்றன. 2 பி.பி.எம். வீதம் நான்கு முறை கொடுத்திருந்தால் ஏறத்தாழ 2.5 டி.கே.எச். குறைந்திருக்கும். 100 லிட்டருக்கு 3 கிராம் ஆப்பசோடா சுமார் 1 டி.கே.எச். உயர்த்தும், அதைச் சிறிது தூய நீரில் கரைத்து ஊற்றுங்கள். காரத்தன்மை 7-க்குக் கீழே போனால் சைக்ளிங்கும் தளரும்.

கடல்நீரில் அம்மோனியா அவ்வளவு ஆபத்து என்றால், நைட்ரைட் மட்டும் ஏன் பரவாயில்லை என்கிறார்கள்?

அம்மோனியா நீரில் இரு வடிவங்களில் இருக்கிறது. மின்னேற்றமில்லாத வடிவமே செவுளைக் கடந்து மீனைக் கொல்வது. அதன் பங்கு பி.எச்.சோடும் வெப்பத்தோடும் கூடும். பி.எச். 7 உள்ள நன்னீர்த் தொட்டியில் அது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு, பி.எச். 8.2 உள்ள நம் கடல்நீர்த் தொட்டியில் நூற்றில் ஏறத்தாழ ஏழிலிருந்து பத்து. நன்னீர் மீன் தாங்கிய அதே அளவு இங்கே கொல்லும் என்பது இதனால்தான். நைட்ரைட் விஷயம் தலைகீழ்: அது செவுளில் குளோரைடு நுழையும் வழியிலேயே நுழையப் பார்க்கிறது, கடல்நீரிலோ குளோரைடு வெள்ளமாக இருப்பதால் அதற்கு இடம் கிடைப்பதில்லை. ஆயினும் நைட்ரைட் இறங்கும் வரை காத்திருங்கள் என்றே சொல்கிறேன். இரண்டாம் கூட்டம் நிலைபெற்றது என்பதற்கு வேறு சான்று இல்லை.

சென்னை வெயிலுக்குச் சில்லர் (நீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) கட்டாயமா?

சைக்ளிங்குக்குக் கட்டாயமில்லை, நீர் 28 அல்லது 30 டிகிரியில் இருந்தாலும் நுண்ணுயிர்கள் பெருகும். ஆனால் சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும் என்பதால் நீர்மட்டம் நன்றாகக் கலங்கும்படி பவர்ஹெட்டைத் திருப்பி வையுங்கள். பவளம் வைக்க நினைத்தால் 25 முதல் 27 டிகிரி வேண்டும். தொடர்ந்து 30-க்கு மேல் நின்றால் பல பவளங்கள் வெளுத்துவிடும். நீர்மட்டத்தில் மின்விசிறி வைத்தால் ஓரிரு டிகிரி குறையும், ஆனால் கடற்கரைப் புழுக்கத்தில் அது காஞ்சிபுரத்தில் வேலை செய்யும் அளவுக்கு இங்கே செய்யாது. ஏப்ரல் மாதத்துக்குள் சில்லருக்குப் பணம் சேர்த்துவிடுங்கள்.

விசிறி வைத்தால் நீர் வேகமாக ஆவியாகும், உப்பு ஆவியாகாது. கண்ணாடியில் நீர்மட்டத்துக்கு நேராக ஒரு துண்டு டேப் ஒட்டி, தினமும் அந்தக் கோடு வரை உப்பில்லாத தூய நீரை மட்டும் ஊற்றுங்கள்.

நடுவில் மின்சாரம் போனால் எல்லாம் வீணாகுமா?

சில மணி நேரம் என்றால் ஒன்றும் ஆகாது. திறந்த தொட்டியில் உள்ள கல்லில் இருப்பவை இரண்டொரு நாளைக்கூடத் தாங்கும். ஆபத்து மூடிய கேனிஸ்டர் ஃபில்டரில்தான். மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் இரண்டு நாள் மின்சாரம் இல்லை. வந்ததும் மகிழ்ச்சியில் யோசிக்காமல் சுவிட்சைப் போட்டேன். ஆக்சிஜன் இல்லாமல் அழுகிக் கிடந்த கேனிஸ்டரின் கருநீர், அழுகிய முட்டை நாற்றத்தோடு நேராகத் தொட்டிக்குள் கொட்டியது. திறந்து, கழுவி, பிறகே ஓட்டியிருக்க வேண்டும். இப்போது பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று எப்போதும் தொட்டியின் கீழே இருக்கிறது.

முடிந்துவிட்டது என்று எப்படி உறுதி செய்வது? பிறகு என்ன?

2 பி.பி.எம். அம்மோனியா கொடுத்து 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியமாகி, மறுநாள் மீண்டும் கொடுத்தபோதும் அதே விளைவு வந்தால் முடிந்தது. ஒரு முறை மட்டும் பார்த்து மகிழ வேண்டாம். இப்போது நைட்ரேட் ஏறியிருக்கும்: கொடுத்த ஒவ்வொரு பி.பி.எம். அம்மோனியாவும் ஏறத்தாழ 3.6 பி.பி.எம். நைட்ரேட்டாகும் என்பதால், மொத்தம் 8 கொடுத்திருந்தால் 29 இருக்க வேண்டும். பாதி நீரை இரண்டு முறை மாற்றினால் 10-க்குக் கீழே வந்துவிடும். அதைப் பூச்சியத்துக்கு இறக்க முயல வேண்டாம். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் துளியும் இல்லாத புதுத் தொட்டியில் டைனோ எனப்படும் வழவழப்பான பழுப்புப் படலம் பிடித்தால் விரட்டுவது பெரும்பாடு.

மீன் இன்றைக்கே விடாவிட்டால் நுண்ணுயிர்களைப் பட்டினி போடாமல் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சிறிது அம்மோனியா கொடுத்து வாருங்கள். முதலில் ஒன்று அல்லது இரண்டு சிறு மீன்கள் போதும். மண்டபத்தில் உள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம் கோமாளி மீனைச் செயற்கை முறையில் இனப்பெருக்கம் செய்யும் நுட்பத்தை உருவாக்கியிருக்கிறது. கடலில் பிடித்ததைவிட அப்படிப் பண்ணையில் பிறந்த குஞ்சே நம் தொட்டிக்கு எளிதில் பழகும். ஒரு வாரம் தினமும் அம்மோனியாவைப் பாருங்கள். அடுத்த மீனுக்கு இரண்டு வாரமாவது இடைவெளி விடுங்கள்.

கல்லெல்லாம் பழுப்பாகிவிட்டது. சைக்ளிங் தோற்றுவிட்டதா?

தோற்கவில்லை. அது டயாட்டம், நீரிலும் மணலிலும் உள்ள சிலிகேட்டைத் தின்று வளர்வது. விரலால் தொட்டால் மாவு போல் உதிரும். பெரும்பாலும் சில வாரங்களில் தானே ஓய்ந்துவிடும். அடுத்துப் பச்சைப்பாசி வரும், அதற்கு நத்தைகளை விடலாம். சைக்ளிங் நடக்கும் வாரங்களில் விளக்கைப் போடாமல் இருந்திருந்தால் இரண்டுமே குறைவாக இருக்கும். மென்பவளங்களுக்கு இன்னும் இரண்டு மூன்று மாதம், கல்வகைப் பவளங்களுக்கு அரை ஆண்டு பொறுங்கள். எதை வாங்கினாலும் முறையாக இறக்குமதியானதற்கான தாள்களைக் கடையில் கேளுங்கள். தாள் இல்லை என்று சிரித்தால் அந்தக் கடையில் உப்பு மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.